நீல இலைகள்

சர்ச்சுக்கு முன்னால் வண்டிகள் நிறுத்தும் இடத்தை மூன்றாவது தடவையாக வழித்துக்கொண்டிருந்தார் மைரன். டிராக்டரின் முன்னால் பூட்டிய இரும்புத் தகடு பனியை வாரிக்கொண்டு போய் வேலியோரம் தள்ளியது. திரும்பி வருவதற்குள் வழித்த இடத்தில் மறுபடியும் வெள்ளை படிந்துவிட்டது. மணி எட்டரை. பத்து மணிக்கு ஆட்கள் வரத் தொடங்குவார்கள். பதினொன்றுக்கு ஆராதனை. சவப்பெட்டியோடு கறுப்பு வண்டி வந்து நிற்கப்போகும் வாசற்படி ஓரத்தை மட்டும் இறங்கிப் போய் மண்வாரியால் தனியாகச் சுரண்டி வைத்திருந்தார்.

வேலை உடுப்புக்குள்ளே கறுப்பு சூட் போட்டிருந்தார். டை கழுத்தை அறுத்தது.

கிளிஃபர்டின் பழைய பிக்கப் வண்டி வந்து டிராக்டரை ஒட்டி நின்றது. கண்ணாடி பாதி இறங்கியது.

"ஏம்ப்பா, உன் பெண்டாட்டி சாவுக்கும் நீயேதான் பனி வழிக்கணுமா? கவுன்ட்டியோட பனி ஒதுக்கற வண்டி என்ன ஆச்சு?"

"மெயின் ரோட்டை முடிச்சிட்டு அவனுங்க இங்க வர மத்தியானம் ஆயிரும்."

"இதைச் சாக்கா வெச்சு உள்ள போகாம இருக்கப் பாக்குற நீ."

கிளிஃபர்டின் பக்கத்தில் அவன் மனைவி ஜாய்ஸ் சீட் பெல்ட் போட்டுக்கொண்டு, விழுகிற பனியைப் பார்த்துச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு மறதி நோய் வந்து நாலைந்து வருஷமாகிறது.

"இங்க எதுக்கு வந்தோம்?" என்றாள்.

"ஆர்டிஸ் செத்துட்டா, ஜாய்ஸ். காலையிலயே சொன்னேனே."

"அடப்பாவமே. அவ என்கிட்ட சொல்லவே இல்லையே."

கிளிஃபர்ட் இறங்கிச் சுற்றிக்கொண்டு போய் அவளுடைய பெல்ட்டைக் கழற்றிவிட்டான். கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நடந்தபடி அவளைப் படியேற்றினான். "இதோ, இது ஒண்ணு. இன்னொண்ணு. அவ்வளவுதான்." மைரன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கியரை மாற்றினார்.

சர்ச் கதவைத் திறந்துகொண்டு மகள் ஹைடி வெளியே வந்தாள். கோட்டுகூடப் போடாமல் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அப்பா! போதும், உள்ள வாப்பா. டவுன்லேர்ந்து வண்டி கிளம்பிருச்சாம்."

"இன்னொரு சுத்து."

"எத்தனை சுத்து? நேத்திக்கு உக்காந்து ஒரு வார்த்தை பேசலாம்னு பாத்தா ஏழு வீட்டுக்கும் போய்ப் பனி வழிச்சிட்டு வர. அம்மா தவறின வாரத்துலயாவது அவங்க வேற ஆளைப் பாத்துக்க மாட்டாங்களா?"

ஹைடி மினியாபொலிஸிலிருந்து வந்து மூன்று நாளாகிறது. நாற்பத்தாறு வயது. கோபம் வந்தால் அவள் அம்மாவைப் போலவே ஆகிவிடுகிற முகம். மைரன் இஞ்சினை அணைத்தார்.

கீழ்த்தளத்தில், கோட்டு மாட்டும் அறையின் பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். வார் இறுகிக்கிடந்தது. செவ்வாய்க்கிழமையும் இப்படித்தான் இறுகிக்கிடந்தது.

அன்று கிளிஃபர்ட் வீட்டு வழியை வழித்துவிட்டு நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தார். சமையலறைக்குள் நுழைந்ததும் வாசற்பாயில் உட்கார்ந்து வாரை அவிழ்க்க ஆரம்பித்தார். மேசைமேல் விளக்கு எரிந்தது. ஆர்டிஸ் முதுகைக் காட்டிக்கொண்டு நாற்காலியில் இருந்தாள். "காபி இருக்கா?" என்றார். பதில் இல்லை. அது ஒன்றும் புதிதில்லை. கவுன்ட்டி வண்டி தபால் பெட்டிகளையெல்லாம் சாய்த்துவிட்டுப் போனதைச் சொன்னார். புது டிரைவருக்குத் தகட்டை எந்தச் சாய்வில் பிடிக்க வேண்டும் என்றே தெரியவில்லை என்றார். கிளிஃபர்ட் சாப்பிடச் சொன்னதையும், தான் வேண்டாமென்றதையும் சொன்னார். இரண்டு பூட்ஸும் கழன்று, ஈரக் காலுறையோடு எழுந்துபோய்க் காபிப் பாத்திரத்தைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்றிருந்தது. "ஒரு வாய் காபிகூட..." என்று திரும்பியபோதுதான் அவள் தலை தோளில் சாய்ந்திருந்ததைப் பார்த்தார். தண்ணீர்க் கிண்ணத்தில் தூரிகை நின்றது. இதயம் நின்று இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்கும் என்று ஆம்புலன்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள்.

பூட்ஸ் கழற்றியபடி செத்தவளிடம் பேசிக்கொண்டிருந்ததை மைரன் யாரிடமும் சொல்லவில்லை, ஹைடியிடம்கூட.

வேலை உடுப்பை ஆணியில் மாட்டிவிட்டுக் கூடத்துக்குப் போனார். காபி வாசனையும் வெந்த உருளைக்கிழங்கின் ஆவியும் வந்தன. நாலைந்து பெண்கள் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்கள். சுவரோரமாக நாலு நீள மேசைகளைச் சேர்த்துப்போட்டு வெள்ளை விரிப்பு விரித்திருந்தது. அதன் முன்னால் வெர்னா குனிந்து எதையோ நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தாள். வெர்னா அடுத்த வீட்டுக்காரி. அடுத்த வீடென்றால் அரை மைல்.

மேசை முழுக்க மரச் சிமிழ்கள். உள்ளங்கையளவு, பாதி ரொட்டியளவு, வட்டம், நீள்வட்டம், எல்லாவற்றிலும் மூடியும் ஆர்டிஸ் தீட்டிய பூக்களும்.

"ரெண்டு நாளா எல்லாருக்கும் போன் போட்டேன்," என்றாள் வெர்னா. "அறுபத்து மூணு வந்திருக்கு. இன்னும் வரும். வருஷப்படி அடுக்கியிருக்கேன், இந்த ஓரத்துலேர்ந்து அந்த ஓரம் வரைக்கும்."

"அறுபத்து மூணா?"

"நீ என்ன நெனச்சே? பத்துப் பன்னண்டுன்னா?"

உண்மையில் அவர் ஒன்றுமே நினைத்ததில்லை. ஆர்டிஸ் பள்ளிக்கூடத்தில் சமையல்காரியாக இருந்தாள். பனி அதிகமாகிப் பள்ளி மூடுகிற நாட்கள்தான் அவளுக்குக் கிடைத்த விடுமுறை. ரேடியோவில் அறிவிப்பு வந்ததும் சமையலறை மேசைமேல் பழைய செய்தித்தாளை விரித்து, விளக்கை இழுத்துவைத்து, கடையில் வாங்கி வைத்திருந்த வெற்று மரச் சிமிழ் ஒன்றை எடுத்துக்கொண்டு உட்காருவாள். ஊரில் ஒரு குழந்தை பிறந்தாலும், ஒரு பிள்ளைக்குச் சர்ச்சில் திடப்படுத்தல் சடங்கு நடந்தாலும், கல்யாணமானாலும் ஒரு சிமிழ். அடியில் பெயரும் தேதியும். அக்கம்பக்கத்துப் பெண்களும் பின்னல், தையல், காகிதப் பூ என்று ஏதாவது வேலையை எடுத்துக்கொண்டு வந்து சேருவார்கள்.

அவர்கள் வர முடிந்ததே மைரன் சாலையைத் திறந்துவிட்டதால்தான். முப்பத்தொரு வருஷம் கவுன்ட்டியின் பனி ஒதுக்கும் வண்டியை ஓட்டினார். ஊரே வீட்டில் அடங்கியிருக்கும் நாளில் அவர் ஒருத்தர்தான் வெளியே. விடியுமுன் கிளம்பினால் இருட்டிய பிறகு வருவார். அதற்குள் செய்தித்தாளெல்லாம் மடித்தாகியிருக்கும். ஜன்னலோரம் ஒரு சிமிழ் காய்ந்துகொண்டிருக்கும். ஓய்வுபெற்ற பிறகாவது இருந்திருக்கலாம். ஒரு பழைய டிராக்டரை வாங்கிக்கொண்டு ஏழு வீட்டு வழிகளை ஏற்றுக்கொண்டார். "இன்னிக்கு ஒரு நாளாவது எதிர்ல உக்காரேன்," என்பாள் ஆர்டிஸ். "கிளிஃபர்ட் வழி மூடிக்கிடக்கும்," என்பார் இவர்.

"உன்னோடது எங்கப்பா?" ஹைடி பின்னால் வந்து நின்றாள். "எல்லாரோடதும் இருக்கு. உன்னோடதைக் கொண்டுவரலையா?"

"என்கிட்ட ஏது?"

"அம்மா உனக்கு ஒண்ணுகூடப் பண்ணலையா?"

"கேட்டா. எதைப் போட்டு வைக்கிறது அதுல, ஆணியான்னேன்."

பாஸ்டர் கூப்பிடுகிறார் என்று ஹைடி மேலே போய்விட்டாள்.

மைரன் மேசையோரமாக நடக்க ஆரம்பித்தார். முதலாவது ஹைடி பிறந்தபோது செய்தது. சிவப்புப் பூவைச் சுற்றிச் சுருண்டு சுருண்டு போகும் பச்சை இலைகள். எல்லாவற்றின் மேலும் தலைமுடி மாதிரி மெல்லிய வெள்ளைக் கோடு. இவ்வளவு மெல்லிய கோட்டைக் கையால் போட முடியுமா என்று முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். அடுத்தது வெர்னாவின் மூத்த மகனுக்கு. அடுத்தது கிளிஃபர்ட், ஜாய்ஸ் கல்யாண நாளுக்கு. கோடுகள் நடுங்கவேயில்லை. வருஷம் போகப் போக இன்னும் துணிச்சலாகிக்கொண்டே போயின.

சாலையின் நிறத்தைப் பார்த்தே எங்கே அடியில் கண்ணாடி மாதிரி வழுக்கும் பனிக்கட்டி இருக்கிறது என்று சொல்லக்கூடியவர் அவர். கடைசி மேசையின் தொடக்கத்தில் அவர் கால் தானாக நின்றது. ஏதோ மாறியிருந்தது. திரும்பி நாலு சிமிழ் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வெள்ளைக் கோடு தடித்திருந்தது. அதற்கடுத்த சிமிழில் இன்னும் தடிமன். அதற்கடுத்ததில் வெள்ளைக் கோடே இல்லை. பூக்கள் பெரிதாகிக்கொண்டே வந்தன. ஒரு மூடியில் பூவின் பாதி மூடியைத் தாண்டி வழிந்து சிமிழின் பக்கவாட்டுக்கு இறங்கியிருந்தது. பிறகு இலைகள் நீலமாக இருந்தன.

நீல இலை அவருக்கு ஞாபகம் இருந்தது. ஒரு தடவை ஜன்னலோரம் பார்த்துவிட்டு, "இலையை ஏன் நீலமா போட்டிருக்க?" என்று கேட்டார். "பச்சை அலுத்துப்போச்சு," என்றாள். "கண்ணைத் தொறந்து வெச்சுக்கிட்டுப் போடு," என்று சிரித்துவிட்டுப் போய்க் கை கழுவினார்.

ஒரு சிமிழை எடுத்துத் திருப்பினார். அடியில் பெயரும் தேதியும் உருண்டை உருண்டையான எழுத்தில் இருந்தன. ஆர்டிஸின் எழுத்து சாய்ந்திருக்கும். இன்னொன்றைத் திருப்பினார். அதிலும் உருண்டை எழுத்து. அந்த எழுத்து அவருக்குத் தெரியும். வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் பார்க்கிற எழுத்து. வெர்னாவின் எழுத்து.

கைக்குழந்தையோடு ஓர் இளம்பெண் வந்து மேசையின் கடைசியில் ஒரு சிமிழை வைத்தாள். போன மாதம்தான் ஞானஸ்நானம் ஆன குழந்தை. தாயின் பெயர் ப்ரிட்டா.

"ரொம்ப வருத்தமா இருக்கு, மைரன். இதை நான் எங்க பாப்பாவோட தொட்டில்கிட்டயே வெச்சிருந்தேன்."

அந்தச் சிமிழில் பூவென்று எதுவும் இல்லை. சிவப்பாகப் பெரிய சுழி ஒன்று. அதைச் சுற்றித் தொட்டும் தொடாமலும் நாலு நீலத் தீற்றல்கள்.

"இலை ஏன் நீலமா இருக்கு?" என்றார் மைரன்.

ப்ரிட்டா வெர்னாவைப் பார்த்தாள். வெர்னா மேசைவிரிப்பின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள். ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தவர்களின் பேச்சு நின்றது.

"ப்ரிட்டா, பாப்பாவை அடுப்புப் பக்கம் தூக்கிட்டுப் போம்மா. இங்க வாசல் காத்து அடிக்குது," என்றாள் வெர்னா.

ப்ரிட்டா போனாள். மைரன் அந்தப் பெண்களைத் திரும்பிப் பார்த்தார். ஒருத்தி கத்தியைத் துடைத்தாள். ஒருத்தி ஊறுகாய் ஜாடியைத் திறந்துவிட்டு மறுபடி மூடினாள்.

"வெர்னா, இங்க வா."

கீழ்த்தளச் சமையலறையில் பெரிய காபிக் கொதிகலன் உறுமிக்கொண்டிருந்தது. வெர்னா கதவைச் சாத்தினாள். கையில் ஈரமில்லாதபோதும் ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள்.

"அவ கண்ணுக்கு என்ன?"

"நடுவுல தெரியாது."

"என்னது நடுவுல?"

"எதைப் பாத்தாலும் அதோட நடு தெரியாது. அங்க ஒரு கறுப்பு. ஓரத்துல இருக்கிறது மட்டும் மங்கலா தெரியும். ஊசி போட்டா நிக்கிற வகை ஒண்ணு இருக்காம். இவளுது அது இல்ல. செய்யறதுக்கு ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. நாலு வருஷம் ஆச்சு."

"டாக்டர்கிட்ட யாரு கூட்டிட்டுப் போனா?"

"நான்தான். டுலூத்துக்குத் துணி எடுக்கப் போறோம்னு சொல்லிட்டுத்தானே போனோம். அஞ்சாறு தடவை போயிருக்கோம். எங்க துணின்னு ஒரு தடவைகூட நீ கேக்கலை."

கொதிகலன் மூடி தடதடத்தது. வெர்னா போய் அதைக் குறைத்துவிட்டு வந்தாள்.

"பெயின்ட் டப்பாவையெல்லாம் நான்தான் வரிசையா வெச்சுக் கொடுப்பேன். இடமிருந்து வலம் சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம். சில நாளு நான் வரதுக்குள்ள அவளா எடுத்து வெச்சிக்கிட்டு ஆரம்பிச்சிருவா. பச்சையும் நீலமும் மாறிரும். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"சிமிழ் வாங்கினவங்களுக்குத் தெரியாதா, மைரன்?"

அவர் கழுத்து டையைத் தளர்த்தினார். "என்கிட்ட ஏன் சொல்லலை?"

வெர்னா, அடுக்கியிருந்த காபிக் கோப்பைகளில் மேலே இருந்ததை எடுத்துக் கையில் உருட்டினாள்.

"டவுன்ல மீன் விருந்துக்குப் போனோமே, நாம மூணு பேரும், உன் வண்டியில. கிளிஃபர்ட் ஜாய்ஸைக் கையைப் பிடிச்சு மேசை மேசையா கூட்டிட்டு வந்தான். அப்பதான் அவளுக்கு மறதி ஆரம்பம். திரும்பி வரும்போது நீ சொன்னே."

"என்ன சொன்னேன்?"

"கயிறு கட்டி மாட்டை இழுத்துட்டுப் போற மாதிரி இருக்குன்னே. எனக்கு இப்படி ஒண்ணு வந்தா கவுன்ட்டி முதியோர் விடுதியில கொண்டு போய்ப் போட்டுடு, உனக்கு வந்தா நானும் அதைத்தான் பண்ணுவேன்னே. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னே. ஆர்டிஸும் சிரிச்சா."

"நான் அப்படிச் சொல்லலை."

"பின் சீட்டுல நான் உக்காந்திருந்தேன்."

மைரன் யோசித்துப் பார்த்தார். அந்த விருந்து ஞாபகம் இருந்தது. மீன் தீய்ந்திருந்தது. திரும்பி வருகையில் பாலத்தில் பனிக்கட்டி கட்டியிருந்தது, வேகத்தைக் குறைத்தார். சொன்னது மட்டும் ஞாபகத்தில் இல்லை. ஆனால் அதில் ஒவ்வொரு வார்த்தையும் அவர் சொல்லக்கூடியதுதான்.

"அன்னிக்கு வீட்டுக்குப் போய் உன்கிட்ட கண்ணைப் பத்திச் சொல்றதா இருந்தா அவ," என்றாள் வெர்னா. "அதுக்கு மூணு வாரம் முன்னாலதான் டாக்டர் சொல்லியிருந்தார். மறுநாள் போன் பண்ணி, சொல்லிட்டியான்னு கேட்டேன். 'இந்தப் பனிக்காலம் போகட்டும் வெர்னா'ன்னா. அப்புறம் ஒவ்வொரு வருஷமும் அதேதான்."

"வண்டி ஓட்டறதை விட்டா. வழுக்குதுன்னா."

"ஆமா."

"ராத்திரி பேப்பரை என்னைப் படிக்கச் சொல்லுவா. நான், உனக்கென்ன கண்ணா இல்லைன்னு..." அவர் நிறுத்திக்கொண்டார்.

வெர்னா கோப்பையை வைத்தாள். அவளும் எழுபதைத் தாண்டியவள். காலையிலிருந்து நின்றதில் கால் வீங்கியிருந்தது. ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"உன்னை மட்டும் எப்படிப் பாக்கணும்னு தெரிஞ்சு வெச்சிருந்தா. நேரா பாத்தா உன் மூஞ்சி இருக்கிற இடத்துல ஒண்ணும் இருக்காதாம். உன் காதுக்கு அந்தப் பக்கம் இருக்கிற சுவத்தைப் பாத்தா நீ தெரிவியாம். 'சுவத்தைப் பாத்தா அவன் இன்னும் லட்சணமாத்தான் இருக்கான்'னு சொல்லிச் சிரிப்பா."

மைரன் கொதிகலன் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பேசும்போதெல்லாம் ஆர்டிஸ் அவரைத் தாண்டி எங்கேயோ பார்க்க ஆரம்பித்து நாலு வருஷம். முதலில் அவர் திரும்பித் திரும்பிப் பின்னால் யார் என்று பார்த்தார். பிறகு புரிந்துவிட்டதாக நினைத்தார். நாற்பத்தெட்டு வருஷம் ஒரே முகத்தைப் பார்த்தால் யாருக்கும் அலுத்துத்தான் போகும். அவரும் பேச்சைக் குறைத்தார். பனி பெய்யாத நாட்களிலும் டவுன் ஓட்டலில் போய் உட்கார்ந்து கிளிஃபர்டோடு காபி குடித்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் சாப்பிடும்போது, மகள் வீட்டுக்குப் போவதைப் பற்றியோ எதைப் பற்றியோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு "ம்" போட்டாள். முள்கரண்டியைத் தட்டில் ஓங்கி வைத்தார். "பேசறப்ப மூஞ்சியைப் பாத்துப் பேசு! நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று கத்தினார்.

ஆர்டிஸ் தன் கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு முகத்தைத் திருப்பி அவருடைய கண்ணுக்கு நேராக வைத்தாள். "சொல்லு," என்றாள்.

அதற்குப் பிறகு சாப்பாட்டு மேசையில் அவள் அவரை நேராகத்தான் பார்த்தாள். ஒரு நாள்கூடத் தவறவில்லை. சொன்னதும் திருந்திவிட்டாள் என்று அவருக்குத் திருப்தியாக இருந்தது.

"மைரன்," என்றாள் வெர்னா.

"ம்."

"நான் சொல்லியிருக்கணும். அவ கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்லைன்னு சொல்லியிருக்கணும்."

அவர் தலையை அசைத்தார். ஆமாவா இல்லையா என்று தெரியாத அசைப்பு. கதவு தட்டப்பட்டது. கிளிஃபர்ட் தலையை நீட்டினான்.

"வண்டி வந்தாச்சு. பெட்டியை இறக்க ஆறு பேர் வேணும். உன்னைத் தூக்க விடக்கூடாதுன்னு ஹைடி சொல்றா."

"நான் தூக்கறேன்."

"முதுகு இருக்கிற நிலைமைக்கு..."

"தூக்கறேன்னு சொன்னேன்ல."

படியோரம் சுத்தமாக இருந்ததால் யாருக்கும் வழுக்கவில்லை. ஆராதனை நாற்பது நிமிஷம் நடந்தது. பாஸ்டர் இளம்பெண்; இந்த ஊருக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. கீழே இருக்கும் மேசையைப் பற்றிச் சொன்னார். இந்த ஊரில் ஆர்டிஸின் கைபடாத வீடு இல்லை என்றார். பாட்டுப் புத்தகத்தை ஹைடி விரித்துப் பிடித்தாள். மைரன் வாயைத் திறக்கவில்லை. முன்வரிசையிலிருந்து பார்த்தால் பெட்டியின் மூடிமேல் இருந்த பூங்கொத்து தெரிந்தது. அதில் இலைகள் பச்சையாக இருந்தன. பின்னால் எங்கேயோ ஜாய்ஸ் எல்லோரையும்விட ஒரு வரி முன்னதாகப் பாடிக்கொண்டிருந்தாள். பாட்டுகள் மட்டும் அவளுக்கு மறக்கவில்லை.

தரை உறைந்து கிடந்தது. குழி மே மாதம்தான் தோண்ட முடியும். அதுவரை பெட்டி டவுனில், மற்ற ஏழெட்டுப் பேரோடு கல்லறைக் கிடங்கில் இருக்கும். அதனால் இன்று அடக்கம் இல்லை. வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டுக் கீழே போய்ச் சாப்பிட வேண்டியதுதான்.

ஆறு பேரும் பெட்டியைத் திரும்ப ஏற்றினார்கள். ஓட்டுநர் பின்கதவை மெதுவாகச் சாத்தினார். எல்லோரும் கோட்டைப் போர்த்திக்கொண்டு வாசற்படியிலும் படிக்குக் கீழேயும் நின்றார்கள். பனி நெருக்கமாக விழுந்துகொண்டிருந்தது. ப்ரிட்டாவின் குழந்தை மட்டும் ஒரு தரம் சிணுங்கியது.

கறுப்பு வண்டியின் இஞ்சின் ஓடத் தொடங்கியது.

மைரன் முகத்தை இடப்பக்கம் திருப்பினார். அங்கே வேலிக்கு அப்பால் ஊசியிலை மரம் ஒன்று நின்றிருந்தது. அதன் அடித்தண்டில் கண்ணை ஊன்றிக்கொண்டார்.

"அப்பா," ஹைடி அவர் கையைப் பிடித்தாள். "வண்டி கிளம்புது. அந்தப் பக்கம் என்ன பாக்குற? இப்ப பாக்கலேன்னா அப்புறம் வருத்தப்படுவப்பா."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றார் மைரன்.

மரத்தண்டு தெளிவாக, பட்டையின் ஒவ்வொரு வெடிப்போடும் தெரிந்தது. அதற்கு வலப்பக்கம், பார்வையின் விளிம்பில், கோடுகள் இல்லாத கறுப்பு ஒன்று மெல்ல நகர்ந்தது. சிவப்பாக இரண்டு பொட்டுகள். அவை வெளிறின. கண்ணில் நீர் கட்டியபோதும் அவர் இமைக்கவில்லை, அந்தப் பக்கம் திரும்பவுமில்லை. கறுப்பு சாம்பலாகி, சாம்பல் வெள்ளையில் கரைந்து, எந்த இடத்தில் அது இல்லாமல் போனது என்று சொல்ல முடியாதபடி பனி விழுந்துகொண்டிருந்தது.